வேடியப்பன் வளைவை நேராக்கப் போகும் என் மகனுக்கு

கண்ணு,

நீ கேட்டதை நான் செய்யமாட்டேன். சுகமா, மழை பெய்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னால் அதற்குள் உனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஊர் கூடும்போது நான் வந்து வேடியப்பன் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும், சாமி வந்து ஆட வேண்டும், கல்லை நகர்த்த உத்தரவு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். "வந்தா வரட்டும்மா, வரலைன்னாலும் வந்த மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லிடு, ஜனங்களுக்கு அது போதும்." அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா ஓடிவந்து சட்டியை இறக்கிவிட்டு, "தம்பி அப்படி என்னம்மா எழுதிட்டான், இந்த வயசுல இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் களியைக் கிளறப் போய்விட்டாள்.

நீ எழுதாமல் விட்டதும் எனக்குத் தெரியும். நெற்றியில் தையல் போட்டிருக்கிறாய். ஓசூர் பஸ் நிலையத்தில் நம் ரோட்டு பஸ்ஸின் கண்டக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் ரோட்டு வேலை கேங் ஆட்கள் கல்லடியில் கடப்பாறையைப் போட்டதும் பக்கத்துக் கொல்லை முனியன் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டாராம். "மொதல்ல என் பொணத்தைத் தூக்குங்கடா, அப்புறமா கல்லைத் தூக்குங்க" என்றாராம். கூட்டம் சேர்ந்து, எவனோ எறிந்த ஜல்லிக்கல் உன் நெற்றியில் பட்டிருக்கிறது. உன் ஆட்கள் கடப்பாறையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள், அது இன்னும் அங்கேயே கிடக்கிறது, தொட ஆளில்லை என்கிறார் கண்டக்டர். மணியக்காரர் நடுவில் நின்று, "வாக்கு சொன்ன வாயே வந்து உத்தரவு குடுக்கட்டும், செவ்வாக்கெழமை வரைக்கும் எவனும் கல்லாண்ட போவக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஊத்தங்கரையிலிருந்து உன் மாமனார் ஆகப்போகிறவரும் ஆள் அனுப்பிவிட்டார். கல்யாணம் முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை அந்தக் கல்லைத் தொட வேண்டாமாம். அவர் பயப்படுவதில் தப்பில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கினவள் நான்தான்.

இந்தக் கடிதம் உன் பேருக்குத்தான் வருகிறது, ஆனாலும் உனக்கு மட்டும் எழுதவில்லை. இதை நீ இன்னொருவருக்கு உரக்கப் படிக்க வேண்டும், பிறகு ஊருக்கும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இன்னொன்று. முனியனை இதில் "அவர்" என்று எழுதுகிறேன். நம் வீட்டில் பேர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், நீயும் பல் முளைக்காத வயதிலேயே "முனியா" என்றுதான் கூப்பிட்டாய். அவர் என் வயதுக்காரர். மூன்று வருடமாக மனசுக்குள் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன், அதில் "அவன்" எப்போது "அவர்" ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் வழியாக ஓசூருக்குப் போகிற இந்த ரோடு, நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ரோடே இல்லை. வண்டித்தடம். கரட்டுக் குன்றைச் சுற்றி, வரப்பு வரப்பாக வளைந்து, ஓடையில் இறங்கி ஏறிப் போகும். மழைக்காலத்தில் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும். அப்போது சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தத் தடத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. உலகச் சண்டை நடந்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் பார், அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கண் தெரிந்தது. புளியும் கேழ்வரகும் சந்தைக்குப் போக வேண்டும் என்றால் கட்டை வண்டி. உடம்பு முடியாதவர் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாலும் அதே கட்டை வண்டி. போய்ச் சேருவதற்குள் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள், படுத்தபடியே. ஆகையால் கப்பி ரோடு வருகிறது, பஸ் விடப் போகிறார்கள் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். அளக்க வந்த அன்று மட்டும் ஒரு கலாட்டா. ஓசூர்ப் பக்கம் மைசூரோடு போகுமா சென்னையோடு இருக்குமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சங்கிலியும் சிவப்பு வெள்ளைக் கம்பமுமாக ஆட்களைப் பார்த்ததும் எல்லைக்கல் நட வந்துவிட்டார்கள் என்று வதந்தி. தமிழில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவராக அந்த ஓவர்சியரைச் சூழ்ந்துகொண்டு "நாங்க எந்த ராஜ்யம், சொல்லிட்டுப் போ" என்று மடக்கினார்கள். அந்த மனுஷர் வேர்த்து விறுவிறுத்து, "எனக்கு ரோடு போடத்தான்யா உத்தரவு, ராஜ்யம் பிரிக்க இல்லை" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சாமி பக்தி உள்ளவர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் நெற்றியைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குள் ஒரு யோசனை விழுந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அவருடைய சுண்ணாம்பு அடித்த முளைகள் கரட்டிலிருந்து இறங்கி நேரே நம் கொல்லைக்குள் வந்தன. நம் கிணற்று மேட்டில் ஒன்று நட்டார்கள். ரோடு நம் கிணற்றின் மேலேயே போகிறது. அந்தக் கிணறு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா பாறையில் வெடி வைத்து வைத்து, ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஆள் உயரம் இறக்கி, நெஞ்சில் கல்தூசி அடைத்து இருமிக்கொண்டே தோண்டின கிணறு. தண்ணீர் வந்த வருடம்தான் உன்னைக் கிருஷ்ணகிரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கிணறு போனால் கொல்லை மானாவாரி. கொல்லை மானாவாரி ஆனால் நீ ஊருக்குத் திரும்பி ஏர் பிடிக்க வேண்டியதுதான். உன் அப்பா ஓவர்சியரிடம் கெஞ்சிப் பார்த்தார். "நேர்கோடுங்க, நான் என்ன பண்ணட்டும், நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் ரோடு வரணும்" என்று அவர் மேப்பைக் காட்டினார். அப்பா திரும்பி வந்து கவலை இறைக்கிற மாட்டுக்குத் தீனி போட்டார். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிணற்றுக்கு இந்தப் பக்கம் வரப்போரமாக ஒரு பலகைக்கல் கிடந்தது. யாருக்கும் அது வெறும் கல். அதன்மேல் கேழ்வரகு காய வைப்போம், மண்வெட்டியைத் தீட்டுவோம். மறுநாள் காலை, வெயில் ஏறின நேரம், ஓவர்சியர் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அடுத்த முளையை அடிக்கச் சொன்னார். மணியக்காரரும் பத்துப் பதினைந்து பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் முனியனின் மனைவி பாப்பாவும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். சுத்தியல் முளையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் களைக்கொட்டை வீசிவிட்டு, தலையை அவிழ்த்துவிட்டு, ஓ என்று கத்திக்கொண்டு ஓடினேன். கல்லின் மேல் விழுந்தேன். நான் பிறந்த ஊரில் என் சின்னத்தைக்குச் சாமி வரும், சின்ன வயதில் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். மூச்சை எப்படி இழுக்க வேண்டும், குரலை எப்படி ஆண்குரல் ஆக்க வேண்டும், எந்த நேரத்தில் சிரிக்க வேண்டும் எல்லாம் தெரியும். "எவன்டா என் நெஞ்சுல முளை அடிக்கிறவன்? நான் வேடியப்பன் படுத்திருக்கேன்டா! என்னை மிதிச்சுக்கினு வண்டி போவுமா? என்னை எடத்தை விட்டு நகத்துனவன் வீட்டுல வெளக்கு எரியாது, அவன் வம்சம் வாசல்படி தாண்டாது!" இவ்வளவும் நான் யோசித்துப் பேசினேன். விளக்கு எரியாது என்கிற வார்த்தை மட்டும் முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன், பக்தி உள்ளவனுக்கு அது உறைக்கும் என்று.

பாப்பா என் பின்னாலேயே ஓடிவந்து, கல்லில் மோதி மண்டை உடையாமல் என் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆடிக்கொண்டே ஒரு தடவை கண்ணைத் திறந்தேன். ஓவர்சியர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தேன். அதற்கு நடுவில் பாப்பாவின் முகம் இருந்தது. ஒரு சாண் தூரம். சாமி வந்தவள் இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் முந்தானையால் என் முகத்தை மூடினாள். "சாமிக்கு மூச்சு முட்டுது, தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று மற்றவர்களை விரட்டினாள்.

சாமி மலையேறின மாதிரி நான் மயங்கி விழுந்ததும் ஆண்கள் அந்தக் கல்லை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே கடப்பாறை போட்டுப் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில், மண் உதிர்ந்த இடத்தில், வில்லும் அம்புமாக ஒரு ஆள் நின்றான். பழைய காலத்து நடுகல். நிஜமாகவே வேடியப்பன். கூட்டத்தில் எழுந்த சத்தம் கரட்டில் மோதித் திரும்பி வந்தது. ஓவர்சியர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. நான் பொய் சொன்னேன், பொய்யைப் புரட்டிப் பார்த்தால் மெய்யாக இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் நானே என்னை ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஒருவேளை சாமிதான் வந்து சொல்லிற்றோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று. அது சௌகரியமான நினைப்பு, கண்ணு. கல்லில் அவன் இருந்தது நிஜம், நான் மறுக்கவில்லை. என் வாயில் அவன் இல்லை. என் வாயில் நான்தான் இருந்தேன். ராத்திரி சோற்றில் கை வைத்துக்கொண்டு உன் அப்பா, "மெய்யாலுமே சாமி வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சு" என்றேன். அவர் நம்பினார். கடைசியில் உயிர் போகிற அன்று அந்தக் கல்லடித் திருநீறு வேண்டும் என்று கேட்டு வாங்கி இட்டுக்கொண்டார். நானேதான் இட்டேன்.

ஓவர்சியர் கோட்டை வளைத்தார். வலது பக்கம் வளைக்கலாம், அங்கே மணியக்காரரின் மாந்தோப்பு. அவர் பக்கம் வளைக்க எந்த மேப்புக்கும் தைரியம் கிடையாது. இடது பக்கம் முனியனின் அரை ஏக்கர். அதன் நடுவில் அவர்கள் குடிசை, எதிரில் அவர்கள் கையாலேயே தோண்டின சின்னக் குடிநீர்க் கிணறு. முளைகள் அந்த இரண்டுக்கும் நடுவில் போயின. கல்லின்மேல் நான் விழுந்தபோது ரோடு எங்கே போகக்கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன். அது எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. நீ இனிமேல் எத்தனை ரோட்டுக்கு முளை அடிப்பாயோ தெரியாது. ஒவ்வொரு முளையும் யாருடைய கொல்லையில் இறங்குகிறது என்று நேரில் நடந்து பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அதற்கப்புறம் சுத்தியலை எடு. தண்ணீர் குடித்த வீட்டின் நடுவில் கோடு இழுக்கக் கை கொஞ்சமாவது தயங்கும். நான் பாப்பா வீட்டில் அதுவரை தண்ணீர் குடித்ததில்லை. குடிக்கமாட்டோம் என்பதுதான் நம் வீட்டு வழக்கம்.

முனியன் மனுஷர் சண்டைக்குப் போகவில்லை. "சாமியே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன பேச்சு" என்று சொல்லிவிட்டு அதே ரோட்டுக்கு ஜல்லி உடைக்கக் கூலிக்குப் போனார். தன் கொல்லையில் விழுந்த ரோட்டுக்குத் தானே கப்பி பரப்பினார். ரோலர் உருண்டு முடிந்து, முதல் பஸ்ஸுக்கு மாவிலை கட்டி, வேடியப்பனுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கின அன்று சாயங்காலம் பாப்பா கிணற்றிலிருந்து குடத்தோடு ரோட்டைக் கடந்து வந்தாள். நான் கல்லடியில் கூட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் குடத்தோடு நின்று என்னைப் பார்த்தாள். "ஏம்மா, சாமிக்கு ரோடு எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாமயா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நான், "போடி, போய் வேலையைப் பாரு" என்றேன். அவள் போய் வேலையைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் செத்துப்போகிற வரைக்கும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊரில் என் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள், அவள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ரோடும் போயிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

வளைவு எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே அளந்திருக்கிறாய். கரட்டிலிருந்து சரிவில் வருகிற வண்டிக்குக் கல்லடி வரைக்கும் எதுவும் தெரியாது. சடாரென்று இடது பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினதும் எதிரில் குடிசை, அப்புறம் மறுபடியும் வலது பக்கம் ஒரு திருப்பம். முதலில் பஸ் மட்டும், அப்புறம் லாரி. ரோட்டைச் சர்க்கார் பெரிய ரோடாக எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி மாங்காய் பெங்களூருக்கு இந்த வழியாகவே போக ஆரம்பித்த பிறகு லாரி ஓயவில்லை. பாப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குடத்தோடு கடப்பாள். ஹாரன் சத்தம் கேட்டால் நான் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு காலையில் ஹாரன் கேட்கவில்லை. பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடிப்போனபோது குடம் உருண்டு வேடியப்பன் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. ரோடெல்லாம் மாங்காய். லாரிக்காரன் மைசூர்ப் பக்கத்து ஆள், இருபது வயதுகூட இருக்காது, தலையில் கை வைத்துக்கொண்டு "காணலில்லா, காணலில்லா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். தெரியவில்லை, தெரியவில்லை என்று. அதே லாரியில் பாப்பாவை ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் அவள் தலை. அன்றைக்கு அவள் எப்படி என் தலையைப் பிடித்தாளோ அப்படியே பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முனியன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராயக்கோட்டை தாண்டினதும் அவள் கண்ணைத் திறந்து, "ஆட்டைக் கட்டலை" என்றாள். முனியன், "கட்டிட்டேன், கட்டிட்டேன்" என்றார். அவர் கட்டியிருக்க முடியாது. அவ்வளவுதான் அவள் பேசினது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கொல்லையில் என்னால் இருக்க முடியவில்லை. வயசாகிவிட்டது, தனியாக முடியவில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு ஓசூரில் உன் அக்கா வீட்டுக்கு வந்தேன். நீயும் நம்பினாய். முனியன் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தக் கல்லடியில் விளக்கு வைக்கிறார். லாரிக்காரர்கள் நிறுத்தி அவர் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போகிறார்கள். காரியத்துக்கு மறுநாள் என்னிடம் அவர் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். "சாமி திருப்புன ரோட்டுலதாம்மா அவ போனா. அப்போ சாமிகிட்டதான் போயிருப்பா." இப்போது புரிகிறதா, உன் கடப்பாறையை ஏன் கட்டிப்பிடித்தார் என்று? கல் நகர்ந்து ரோடு நேரானால் அவர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ரோடு இருக்காது, அரை ஏக்கரும் ஒன்றாகிவிடும். லாபம் முழுக்க அவருக்குத்தான். பிடிவாதம் பிடிக்கிறவரும் அவரேதான். முட்டாள் கிழவன் என்று நீ எழுதியிருக்கிறாய். உன் அம்மா சொன்ன ஒரு பொய்யின் மேல் அந்த மனுஷர் தன் பெண்டாட்டியின் சாவைத் தூக்கி வைத்திருக்கிறார். அதை நீ கடப்பாறையால் நெம்பினால் அவர் எங்கே போய் நிற்பார்?

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. நகர்த்துகிறவன் வீட்டில் விளக்கு எரியாது என்று சொன்னது நான்தான், வேறு யாருமில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. அப்படியிருந்தும் நீ அந்த ரோட்டுக்கே ஓவர்சியராக வருகிறாய், வளைவை நேராக்கத் திட்டம் போட்டிருக்கிறாய் என்று கேட்ட நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு நானே பயப்படுகிறேன். முன்பின் தெரியாத எவனையோ பயமுறுத்தச் சொன்ன வார்த்தை, ஏழெட்டு வருடம் சுற்றிக்கொண்டு என் பிள்ளையின் வாசலுக்கே வந்து நிற்கிறது. உன் நெற்றியில் கல் பட்டது என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றினது என்ன தெரியுமா? ஆரம்பித்துவிட்டது என்று தோன்றியது. இதுதான் பொய்க்குக் கிடைக்கிற கூலி. சொன்னவளையே நம்ப வைத்துவிடும்.

ஆனாலும் நீ கேட்டபடி வந்து ஆடிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே, இன்னொரு உயிர் போகாமல் இருக்கத்தானே என்று மனசு நியாயம் பேசியது. போன தடவையும் நல்ல காரியத்துக்குத்தான் பேசினேன். உன் படிப்புக்காகப் பேசினேன். அந்த வளைவுதான் உன்னைப் படிக்க வைத்தது, இன்றைக்கு நீ அதை நேராக்க வந்திருக்கிறாய். இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்துகொண்டு செய். இன்னொரு தடவை நான் அவன் குரலில் பேசினால் முனியன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார். சாமி ஒரு நாள் நகர்த்தாதே என்றது, இன்னொரு நாள் நகர்த்து என்கிறது, இதற்கு நடுவில் என் பாப்பா எதற்குச் செத்தாள் என்று அந்த மனுஷர் மிச்ச நாளெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை நான் செய்யமாட்டேன். அவருக்குத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது வேண்டும். அந்த ஆள் நான்.

ஊத்தங்கரைக்கும் இதை நகல் எடுத்து அனுப்பு. இப்படிப்பட்ட மாமியாரா என்று அவர்கள் பின்வாங்கினால் பின்வாங்கட்டும். எனக்கு வருத்தமாக இருக்கும், மறைக்க மாட்டேன். அந்தப் பெண் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உன் அப்பாவோடு நான் வாழ்ந்த கடைசி வருடங்களில், அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே சோறு போட்டேன். பெண்டாட்டியிடம் அவர் பேசவேண்டியதை எல்லாம் பேச முடியாமல் போயிற்று, ஏனென்றால் எதிரில் இருந்தது பாதி சாமி. உன் வீட்டில் அப்படி எதுவும் வேண்டாம். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இருக்கக்கூடாது, இதுவும் சேர்த்து.

இனி நீ செய்ய வேண்டியது. செவ்வாய்க்கிழமை ஊர் கூடுகிற வரைக்கும் காத்திருக்காதே. கடிதம் கிடைத்த அன்றே முனியன் வீட்டுக்குப் போ. ஜீப்பில் போகாதே, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதே. வெளியில் நிற்காமல் உள்ளே போய்த் தரையில் உட்கார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. அதற்கப்புறம் இதை முதல் வரியிலிருந்து படி. ஏன் நானே நேரில் வந்து சொல்லாமல் எழுதுகிறேன் என்றால், எனக்கு என்னைத் தெரியும். அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தைப் பார்த்தால் என் வாய் கட்டிப்போய்விடும். லாரியில் கட்டிப்போன மாதிரியே போய்விடும். கூட்டத்தின் நடுவில் யாராவது "சாமி வந்துடுச்சு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நான் அதில் ஒளிந்துகொள்ளவும் துணிவேன். அதற்கு வழி இல்லாமல் பண்ணத்தான் இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருவேன். ஊரில் இறங்கமாட்டேன், வளைவிலேயே இறங்கிக்கொள்கிறேன். அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லை நகர்த்தலாம் என்று முனியன் சொன்னால், கீழே கிடக்கிற அந்தக் கடப்பாறையை நீ தொடாதே, உன் ஆட்களும் தொட வேண்டாம். முதல் நெம்பு நான் போடுகிறேன். சொன்ன வார்த்தை என்னுடையது, பலிக்கிறதென்றால் என்மேலேயே பலிக்கட்டும். அப்புறம் வேடியப்பனை அவர் எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கே மேளதாளத்தோடு வையுங்கள், அவனுக்கும் எனக்கும் சண்டை ஒன்றுமில்லை. நம் கிணறு ரோட்டுக்கடியில் போகட்டும். வேண்டாம், நகர்த்தக்கூடாது என்று முனியன் சொன்னால் நகர்த்தாதே. கரட்டை வெட்டியாவது, அவர் கிணற்றை வீட்டுப்பக்கம் தோண்டிக் கொடுத்தாவது வேறு வழி பார். படித்தவன் நீ, உனக்குத் தெரியாததா? உத்தரவு கேட்க வேண்டியது அந்தக் கல்லிடம் இல்லை.

இன்னும் ஒன்று. படித்துக்கொண்டே வரும்போது, பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் மூடின இடம் வரும். அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். பாவம், இதையாவது விட்டுவிடலாம் என்று நினைத்து அடுத்த வரிக்குத் தாண்டிப் போகப் பார்ப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். தாண்டாதே. "அப்போ பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்பார். ஆமாம், தெரியும் என்று சொல். எல்லாம் தெரிந்துதான் தினமும் அந்த ரோட்டைக் கடந்தாள் என்று சொல். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும், எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேள்.

உன் அம்மா